கூண்டுக்குள் ஒரு ரேடியோ

கோழிக்கூண்டில் ராத்திரி முழுக்க ரேடியோ பேசும்.
மனுஷக் குரல் கேட்டால் ரக்கூன் கிட்டே வராது,
இது டெல்மரின் கண்டுபிடிப்பு.
முதலில் பாட்டு வைத்துப் பார்த்தோம். பாட்டுக்கு அது அஞ்சவில்லை,
ஒரே சனிக்கிழமையில் இரண்டு லெகார்ன் போயின.
கோபமாய்ப் பேசுகிற குரல்தான் வேண்டும்.
மிசௌரியில் எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

ஆக நாலு வருஷமாய்
பதினோரு கோழிகள் வரியைப் பற்றிக் கேட்டபடி தூங்குகின்றன.
எல்லையைப் பற்றி, துப்பாக்கியைப் பற்றி,
வாஷிங்டனில் உட்கார்ந்து நம் குட்டையை அளப்பவர்களைப் பற்றி.
நடுவில் விதைச் சோள விளம்பரம்.
காலையில் கதவைத் திறந்தால்
விவாதத்தில் ஜெயித்த மாதிரி நிமிர்ந்து இறங்கும்
அந்தப் பெரிய பிளைமவுத் ராக்.

கூண்டுக்கு மின்சாரம் கிடையாது.
கம்பி இழுக்க கவுண்டி ஆபீசில் அனுமதிச் சீட்டு, நாற்பத்தைந்து டாலர்,
அப்புறம் ஒருவன் வந்து பார்வையிடுவான்.
"என் மண், என் கம்பம், என் கோழி.
பார்க்க வருகிறவன் யார்?"
நாற்பத்தைந்து டாலருக்கு மேல் பேட்டரியே வாங்கியாயிற்று.
கொள்கைக்கு ஒரு விலை உண்டு, அது எனக்கும் தெரியும்.

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
நானும் அதே பக்கம்தான் ஓட்டுப் போட்டேன், ஏழு தடவையும்.
கடன் இல்லாமல் இருக்கணும்,
சாப்பாட்டுக்கு முன் தலை குனியணும்,
பக்கத்துக் கொட்டகை பற்றிக்கொண்டால்
ஃபாரம் நிரப்பாமல் ஓடணும்.
இதிலெல்லாம் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.
ஆனால் ஷெல்பி
கான்சஸ் சிட்டியிலிருந்து போன் பண்ணி நாலு மாசமாகிறது.
நன்றித் திருநாளன்று
அவள் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல,
வான்கோழி ஆறிப்போயிற்று.
கிரேவி வேணுமா என்று கேட்டேன்.
அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

மார்ச்சில் டெல்மரின் தம்பிக்கு
ஸ்பிரிங்ஃபீல்டில் நெஞ்சைத் திறந்தார்கள்.
(செலவு அரசாங்கக் காப்பீடு. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.)
டெல்மர் அங்கே. நான் இங்கே.
ராத்திரி பத்தரைக்கு ரேடியோ நின்றுவிட்டது.

ஓடைச் சத்தம் அவ்வளவு கிட்டே என்று அதுவரை தெரியாது.
வேலிக்கு அப்பால், சருகின் மேல்,
கையை ஊன்றுவது போல் காலை ஊன்றி நடந்தது ஏதோ ஒன்று.
பேட்டரி டப்பா காலி. கடை பதினெட்டு மைல்.
துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்
தீவன வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன்.
யாராவது பேசியாக வேண்டும்.

முதலில் மளிகைப் பட்டியல் சொன்னேன்.
பிறகு இருபத்து மூன்றாம் சங்கீதம், இரண்டு தரம்.
பிறகு தொண்டை தானாகத் திறந்துகொண்டது.
வரி அதிகம்தான் என்றேன்.
அப்போ ஓடைப் பாலத்தை யார் கட்டுவது, நீயா
என்று பிளைமவுத் ராக்கைக் கேட்டேன்.
கறிக்கோழி ஆலையில் வேலை பார்க்கிற குவாத்தமாலாக்காரி,
பனியில் புதைந்த எங்கள் டிரக்கைத் தோள் கொடுத்துத் தள்ளினவள்,
அவள் பேரைக்கூடக் கேட்கவில்லையே என்றேன்.
ஷெல்பி சொன்னதில் பாதி தப்பு என்றேன்.
மீதிப் பாதியை ஏன் யாருமே காதில் வாங்கவில்லை என்றேன்,
சத்தமாக.
கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.
ஒரு கோழி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து
மறுபடி மூடிக்கொண்டது.
விளம்பர இடைவேளை இல்லாமல்
விடிகிறவரை.

எதுவும் வரவில்லை.
பத்து மணிக்குப் பார்த்தேன். எட்டு முட்டை, ஒன்று இன்னும் சூடாக.

மத்தியானம் டெல்மர் வந்தார். தம்பி பிழைத்துக்கொண்டான்.
கையில் புது பேட்டரி நாலு.
வாங்கி, நன்றி சொல்லி,
டார்ச்சில் போட்டேன்.