நான்காம் பந்தி

கண்ணாடிக் குப்பியைச் சாய்த்து முக்க வேண்டும்,
கோபக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதுபோல.
ஒரு குமிழி உள்ளே போனாலும் கணக்குப் பொய்.
மஞ்சணத்தி ஊருணியின் ஏழாம் படியில்
செம்புறாங்கல் வழுக்க, செருப்பைக் கையில் பிடித்தபடி
முந்நூறு மில்லி ஊருணியை
மூடி போட்டு அடைத்தேன்.
மணி ஐந்து ஐம்பது.

இந்த நேரம்தான் சரி.
பகலெல்லாம் தண்ணீருக்கு மூச்சு கொடுக்கும் பாசி
இரவில் அதையே திரும்ப வாங்கும்.
விடியுமுன் கைவசம் என்ன மிச்சம்
என்று பார்ப்பது என் வேலை.
பேரேடும் வட்டியும் தெரிந்த ஊரில்
இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விரால் ஒன்று மேலே வந்து
காற்றை ஒரு வாய் கடித்துக்கொண்டு இறங்கியது.
உள்ளே இல்லையென்றால் வெளியே கடன் வாங்கத் தெரிந்த மீன்.
கெண்டைக்கு அந்த வித்தை கிடையாது.
வடகரையில் நாலைந்து, வயிறு வெளுத்து.
படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.
நிறம் உண்டு, வெப்பநிலை உண்டு, மணம் உண்டு.
மணத்தில் 'இனிப்பு' என்று எழுதி, அடித்து
'புளிப்பு' என்று எழுதினேன்.

முந்தாநாள் பெரிய வீட்டில் கல்யாணம்.
ஆயிரத்து இருநூறு இலை.
சோலையப்பனின் ஆட்கள் அண்டா கழுவிய தண்ணீரும்
ஓரத்தில் குவித்த இலைகளின் வடிசலும்
வரத்துக்காலில் இறங்கின.
நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து
மழையை முற்றத்துக்குக் கொடுக்க,
முற்றம் காலுக்கு,
கால் ஊருணிக்குக் கொடுக்கும் வழி அது.
மழை எது, ரசம் எது என்று வழிக்குத் தெரியாது.
பள்ளம் இருந்தால் போகும்.

மூன்று பந்தி எங்களுக்கு.
நான்காவது ஊருணிக்குள் நடந்தது.
கண்ணுக்குத் தெரியாதவர்கள்,
பத்திரிகை வைக்காமலே வருபவர்கள்,
சாப்பிடச் சாப்பிட இரண்டு இரண்டாய்ப் பெருகுபவர்கள்
கவுனி அரிசியை, நெய்யை,
பணியாரம் ஊறிய பாலைத் தின்றார்கள்.
தின்ற ஒவ்வொரு வாய்க்கும்
தண்ணீரிலிருந்து ஒரு மூச்சு எடுத்தார்கள்.
அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை.
அவர்கள் மட்டும் பசியற்றுப் போனால்
செத்த எதுவும் இந்தப் பூமியில்
செத்தபடியே கிடக்கும்.

ஒரு பங்கு ஊருணிக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து
பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.
மூன்று நாள். இருட்டு. இருபத்தேழு டிகிரி.
சித்திரையில் காரைக்குடியிலேயே
குளிர்ந்த இடம் அந்தப் பெட்டிதான்.
இரண்டாம் நாள் கரண்டு போனது.
கால் மணி நேரம் செல்வராணி
ஈரத்துண்டைப் போர்த்தி விசிறிக்கொண்டிருந்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவது மாதிரி.

எடுத்து, திராவகம் விட்டு,
மாவுக் கரைசல் சேர்க்க நீலம் வந்தது.
பிறகு சொட்டு. சொட்டு.
எந்தச் சொட்டில் நீலம் போகிறது என்று
இமைக்காமல் பார்க்க வேண்டும்.
முதல் நாள் ஏழு புள்ளி இரண்டு.
இன்று ஐந்து புள்ளி நான்கு.
கழித்துப் பத்தால் பெருக்கினால் பதினெட்டு.
குளிப்பதற்கே மூன்றுக்கு மேல் ஆகாது.

பதினெட்டில் என்னுடையது எவ்வளவு?
இரண்டாம் பந்தி, தூணுக்குப் பக்கத்து இலை.
கவுனி அரிசியில் பாதியை ஒதுக்கிவிட்டு
இலையை மடித்தது நான்தான்.
புள்ளிக்குப் பின்னால் எத்தனையாவது இடத்தில்
அந்த அரைக் கரண்டி நிற்கிறது என்று சொல்ல
எங்களிடம் கருவி இல்லை.
கடைசிக் கட்டம்: குறிப்பு.
ஒரு விரல் நீளம்கூட வராது.
'மாதிரி எடுத்தவர் விருந்திலும் இருந்தார்'
என்று நெருக்கி எழுதி
பெ. மீனலோசனி என்று கையெழுத்திட்டேன்.
மேலே இருப்பவர் கேட்பார். கேட்கட்டும்.

குப்பிகளைக் கழுவினேன்.
திராவகம், மாவு, மாங்கனீசு, மிச்ச ஊருணி
எல்லாம் தொட்டியின் துளையில் சுழன்று இறங்கின.
"இந்தக் குழாய் எங்க போகுது, செல்வராணி?"
"வெளியதான் அக்கா."

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.
குழாய் வாய்க்குக் கீழே
குப்பைமேனி தழைத்திருந்தது.
பக்கத்தில் ஒரு மைனா
தலையைச் சாய்த்து
அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தது.