மரியாதை விகுதி

நகரத்தின் பெயரை எழுத மாட்டேன்,
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
பேர்ண் இல்லை. சூரிச் இல்லை.
ஒல்ரனில் கோச்சி மாறினோம் என்பதோடு நிறுத்துகிறேன்.
ஜன்னலால் பார்த்தால் ஒரு பல் வைத்தியரின் பலகை,
சைக்கிள் தரிப்பிடம்,
அரை மணிக்கொரு தரம்
ஆளில்லாமல் போகும் மஞ்சள் பஸ்.

வாசலில் அழைப்பு மணி இருக்கிறது.
அதன் பக்கத்தில் பெயர் இல்லை.
சுவிசில் இப்படியொன்றை
இப்போதுதான் காண்கிறேன்.

கைபேசியின் சிம்மைக் கழற்றிக்
கடித உறையில் போட்டு
என் கண்முன்னே ஒட்டினார் ஐகன்மான் அம்மா.
நாற்பத்தொரு அழைப்புகள்
அதற்குள் இன்னும் அடிக்கின்றனவோ என்று
உறையைத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் விசாரிப்பு.
மேசை நடுவில் தொலைபேசி,
அதற்குள் மொழிபெயர்க்கும் பெண்.
பெயர் கிடையாது, ஒரு எண்.
குரலில் மட்டக்களப்புச் சாயல்.
பயந்துபோனேன்.
இந்த நாட்டில் தமிழர் என்றால்
ஒன்றில் கோயிலில் கண்டிருப்போம்,
இல்லாவிட்டால் யாரோவின் சாமத்திய வீட்டு வீடியோவில்.
"அக்கா, எனக்கும் உங்கட பேர் தெரியாது"
என்றது குரல்.

சொன்னேன்.
அவர் வேலையால வந்தவர்.
சோத்துக் கோப்பையைத் தள்ளினவர்.
பிறகு என்ர தலைமயிரைப் பிடிச்சவர்.
குசினிக் கதவில ரெண்டு தரம் இடிச்சவர்.
பிள்ளை பார்த்துக்கொண்டு நிண்டது.

ஜேர்மனில் அது திரும்பி வந்தது.
ஏர், ஏர், ஏர் என்று
என் கதையை உழுதுகொண்டு போனது குரல்.
அந்த மொழியில் அவர் என்றாலும் ஏர்
அவன் என்றாலும் ஏர்.
ஒரு ஆள், ஒரு வினை, ஒரு திகதி.
ஐகன்மான் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் என் காதுக்கே கேட்டது.
இடிச்சவர்.
ஒன்பது வருசம்
ஒவ்வொரு அடிக்கும்
எழும்பி நின்று கதிரை கொடுத்திருக்கிறேன்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
அவன் என்று சொல்லிப் பார்த்தேன்.
வாய் உடன்படவில்லை.
தூஷணம் சொன்ன பிள்ளைபோலக்
கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கட ஆட்களில்தான் இப்படி என்றிருந்தேன்.
றெகுலா இந்த நாட்டுக்காரி,
பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள்.
மணிக்கட்டில் கட்டு.
குளிர்பெட்டியில் எங்களுக்கு ஒரே தட்டு,
இடது பக்கம் அவளுடைய தயிர்
வலது பக்கம் என் பச்சைமிளகாய்.
அஸ்மராவிலிருந்து வந்த லெத்தெ
இரண்டையும் கேட்காமல் எடுப்பாள்.
அதற்காக ஒருநாள் சண்டை பிடித்தோம்,
மூன்று பேரும் உரத்த குரலில்.
ஒருவரும் ஒருவருக்கும் அடிக்கவில்லை.

முப்பத்தைந்து நாள் இருக்கலாம்.
பிறகு?
வாடகை வீட்டுக்காரர் கடன் இல்லையென்ற பத்திரம் கேட்கிறார்.
நான் ஏறாத காருக்கு
என் கையெழுத்தில் கடன் இருக்கிறது.
பெர்மிற்றோ அவருடைய பெயரில் தொங்குகிறது
(அவருடைய என்றுதான் இன்னும் வருகிறது).
படிவத்தில் முந்தைய விலாசம் நிரம்பிவிட்டது.
தற்போதைய விலாசத்துக்கு
ஒரு தபால்பெட்டி இலக்கம்.

இரவு
இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் இருந்து
சயந்தவி கேட்டாள்:
"அப்பா வந்தவரே?"

"வரேல்லை."

சொல்லிவிட்டு
இருட்டில் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தேன்.
அதன் வாலில் அவரும் இல்லை
அவனும் இல்லை.

பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது.
கீழே, சரியான நேரத்துக்கு,
வெறும் பஸ் போனது.