தொண்ணூற்றேழு ஓடுகள்

இடித்த வீட்டிலிருந்து அல்மெரிந்தா
கூடையில் சுமந்து வந்தாள் நீல ஓடுகள்:
தொண்ணூற்றேழு.
போர்த்தோவில் மழை. அடுக்களைச் சுவர் காத்திருக்கிறது.

தரையில் பரப்பினாள்.
இரண்டிரண்டாய்: ஒன்று மீதி.
மும்மூன்றாய்: ஒன்று மீதி.
ஐந்தைந்தாய் வைத்தால் இரண்டு முறைக்கின்றன.
ஏழேழாய் அடுக்கியபோது
ஆறு ஓடுகள், வாசலில் நிற்கும் கடன்காரர்கள் மாதிரி.

மாலைப் பள்ளியில் நேற்றுதான் படித்தது:
பத்துப் பத்து நூறு; அதற்குள் அடங்கும் எண்ணை
ஒன்பது வரை தட்டிப் பார்த்தால் போதும்,
அப்புறம் எந்தக் கதவும் திறக்காது.
பகா எண்.
பங்கு போட விடாத பிடிவாதம்.

"ஒன்றை உடைத்துப் போடு" என்றான் தம்பி வால்டெமார்.
"தொண்ணூற்றாறு எப்படியும் வளையும்.
எட்டுக்குப் பன்னிரண்டு, ஆறுக்குப் பதினாறு..."

கணக்கு சரிதான்.
அவளுக்குத்தான் மனம் வரவில்லை.
இடித்தவர்கள் இடித்தது போதாதா?

ஒன்றால் வகுபடுமே என்று இரவில் தோன்றியது.
ஒரே வரிசை.
தெருக்கதவில் தொடங்கி, மாடிப்படி ஏறி,
அடுக்களையை எட்டிக்கூடப் பார்க்காமல்
தம்பியின் அறை வாசலில் முடிந்தது தொண்ணூற்றேழாவது.

சனிக்கிழமை, விளக்கில்லாத படியில்,
மது வாசத்தோடு வால்டெமார்
சுவரைத் தடவித் தடவி ஏறுகிறான்,
எண்ணிக்கொண்டே.
அறுபத்தொன்றில் தடுமாறி
மறுபடி கீழே இறங்குகிறான்,
ஒன்றிலிருந்து.