கடல் இல்லாத ஊர்

செகெத்தாவை நான் பார்த்ததில்லை.
திபெர் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால்
எனக்குத் தெரிந்த உலகம் கொஞ்சம்தான்.
ஆனாலும் வரைந்தேன்.
பன்னிரண்டு முழத் துணி, கூலி நாற்பது காசு.
ஒப்பந்தக்காரன் நுமேரியுஸ் சொன்னது இவ்வளவே:
"மதில் இடியணும். தீ பெருசா இருக்கணும்.
கடைசி வரிசைக்கும் தெரியணும்."

கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது.
நீலமும் மிஞ்சியது.
கடல் போட்டேன்.
இரண்டு படகு, துள்ளும் மீன் ஒன்று.

வெற்றி ஊர்வலத்தன்று விடியுமுன்
சிவப்பு கேட்டு ஆள் வந்தான்.
தளபதியின் முகத்துக்குப் பூச வேண்டுமாம்,
இன்று ஒருநாள் அவர் யூப்பித்தர்.
தீக்குக் குழைத்ததில் அரைக் கிண்ணம் இருந்தது.
எண்ணெய் விட்டுக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு எக்காளம்.
கொம்புக்குப் பொன்பூசிய வெள்ளை எருதுகள்
மிரண்டு சாணி போட்டபடி போயின.
வண்டி வண்டியாய்க் கேடயங்கள், வெண்கல அண்டாக்கள்,
யார் வீட்டுக் கதவோ ஒன்று, தாழ்ப்பாளோடு.
தளபதியின் கஞ்சத்தனத்தை வைத்து
படைவீரர்கள் கெட்ட பாட்டுப் பாடினார்கள்.
இன்று அதற்கும் அனுமதி.

என் துணி வந்தது,
இரண்டு கழிகளுக்கு நடுவில் காற்றில் புடைத்துக்கொண்டு.
அதன் பின்னால் அந்த ஊர்க்காரர்கள்,
கழுத்துக்குக் கழுத்து ஒரே கயிறு.

சந்தை முனையில் ஊர்வலம் திரும்பியபோது
துணி அவர்கள் பக்கம் முகம் காட்டியது.
ஒருத்தி நிமிர்ந்தாள்.
தீயைத் தாண்டி, மதிலைத் தாண்டி,
கீழே கடலைப் பார்த்தாள்.
சிரித்தாள்.
பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னாள்.
அவனும் பார்த்தான்.
கயிறு நெடுக அந்தச் சிரிப்பு ஓடியது.

"பைத்தியம் பிடித்துவிட்டது" என்றாள் அத்திப்பழக்காரி.
காவலன் ஈட்டிக் காம்பால் இடித்தான்.
கூட்டம் ஓ என்று கத்தியது, யாருக்கென்று தெரியாமல்.
எனக்கு மட்டும் காது சுட்டது.

இரவு மதுக்கடையில்
கைதிகளோடு நடந்த மொழிபெயர்ப்பாளனைப் பிடித்தேன்.
மலை ஊராம். கடலுக்கு ஒன்பது நாள் நடை.
மீனென்றால் அங்கே கருவாடுதான்.
"அவள் என்ன சொன்னாள்?"
கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்:
"'இது நம் ஊர் இல்லை.
நம் ஊரை இவர்கள் பிடிக்கவே இல்லை.'"

மறுநாள் நுமேரியுஸ் துணியை
இரண்டு காசுக்குத் தள்ளிவிட்டான்.
கூரை ஒழுகும் மூலையில் விரித்திருக்கிறேன்.
முதல் மழையிலேயே தீ கரைந்து
என் படுக்கையில் சொட்டிவிட்டது.

நீலம் நல்ல சரக்கு.
இன்னும் போகவில்லை.