கேத்தி பாலாடா, மே மாதம்

விடியற்காலை மூன்று.
கேரட் கழுவும் டிரம் சுற்றுகிறது.
சேற்றுத் தண்ணீர்
டீ நிறத்தில் ஓடைக்கு இறங்குகிறது.

மூட்டை எண்ணி எழுதுவது என் வேலை.
அதே நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
பன்னிரண்டாம் வகுப்பு
முன்னோக்கி வந்துகொண்டிருக்கிறது.
நிலைமின்னியல், ஏழாம் கணக்கு:
இரண்டு ராத்திரியாக விடை தப்பு.

கையுறைக்குள் விரல் மரத்துப்
பேனா நழுவுகிறது.
மேட்டுப்பாளையம் லாரி ஹாரன் அடிக்கிறது.

காலையில் காசு கொடுக்க உட்கார்ந்த போஜன் அண்ணன்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசிக்கிறார்:
"மாதேவி, நாற்பது மூட்டை,
கூலூம் முந்நூறு.
என்னது இது, கூலூம்?"

கூலிதான் அண்ணா.

சிரிப்பு அடங்கவில்லை.
அந்த வரியை அடித்துத் திருத்தி
நோட்டைத் திருப்பினேன்.
ஏழாம் கணக்கில்
ஒரு மைனஸை விட்டிருக்கிறேன்.