மக்சிமிர், மூன்றாம் மாடி

வாடகை நூற்று நாற்பது யூரோ கூடுதல்.
சன்னலுக்கு, என்றார் தரகர் ஹ்ர்வோயே.
குளியலறைக் கதவை அவர் திறக்கவே இல்லை.
நானே திறந்தேன். கூரையில் ஈரம்,
தேநீர் சிந்திய வரைபடம்.

சன்னலில் ஓக் மரங்கள்.
இலைக்குள் இலை,
அதற்குள் ஏரியின் ஒரு துண்டு.

புதன் இரவு தனியாக வந்து
எதிர் நடைபாதையில் நின்றேன்.
பதினோராம் எண் டிராம் கிறீச்சிட்டுப் போனது.
நாய்கள் எசமானர்களை இழுத்துப் போயின.
பிறகு மிருகக்காட்சி சாலையிலிருந்து
சிங்கம்.
கர்ச்சனை என்று சொல்ல முடியாது,
நெஞ்சுச் சளிக்காரர் ஒருவர்
தூக்கத்தில் புரள்வதுபோல.
யாகொடாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.
அவள் பள்ளிக்கு இரண்டு டிராம் மாற வேண்டும் என்றும்.

வீட்டைக் காலி செய்யும் ஷ்டெஃபிட்சா
பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.
பத்தொன்பது வருடம்.
ஏரியின் மறுகரையில் என்ன இருக்கிறது?
நாடாவைப் பல்லால் கடித்தாள்.
"போனதில்லை.
எங்கே போய்விடப் போகிறது என்று
இருந்துவிட்டேன்."

கையெழுத்துக்கு வெள்ளிவரை கெடு.
பேனா என்னிடம்தான் இருக்கிறது,
தரகருடையது,
தவறிப்போய்ப் பையில் வந்துவிட்டது.

இன்று வியாழன், தூறல்.
யாகொடாவின் ரப்பர் காலணியில் சேறு.
மறுகரையில்
ஒரு பெஞ்சு, ஒரு குப்பைத்தொட்டி,
பலகை அடித்த ஐஸ்கிரீம் கடை.
அவ்வளவுதான்.

அங்கிருந்து மாடிகளை எண்ணினோம்.
ஒரு சன்னலில் யாரோ விளக்கைப் போட்டார்கள்.
"அது நம்முடையதா?"

மறுபடி எண்ணு என்றேன்,
கீழேயிருந்து.