இருபத்திரண்டு வரை

குறட்டைக்கு நான் பயந்ததில்லை.
இறக்கத்தில் கியர் மாற்றும் கொழுந்து லொறி போல
அது பாட்டுக்குப் போகும்.
நடுவில் நின்றுவிடும் பாருங்கள், அதுதான்.
ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.
ஒருநாள் இருபத்திரண்டு வரை போனது.
முழங்கையால் இடித்தேன்.
தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர் போல மூச்சை இழுத்து
"தூங்க விட மாட்டியா" என்றார்.

பொகவந்தலாவை வளைவில், பகல் பதினொரு மணிக்கு
ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து
தேயிலைக்குள் லொறியை இறக்கிய பிறகுதான்
கண்டிக்கு வர ஒத்துக்கொண்டார்.
டாக்டர் துண்டுச் சீட்டின் பின்பக்கம் ஒரு வாய் வரைந்து
உள்நாக்கின் குறுக்கே கோடு போட்டார்.
"இதில கொஞ்சம். டான்சிலையும் எடுக்கணும்.
முழுசாப் போயிரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மார்கழிக் குளிரில் ஐஸ் கேட்டு நின்றவளைக்
கடை மொஹிதீன் ஏற இறங்கப் பார்த்தார்.
எச்சில் விழுங்கவே கண் கலங்கும் மனுசன்
பிள்ளையின் கொப்பியில் எழுதிக் காட்டினார்:
ரொட்டி. கட்டச் சம்பல்.
அடித்துவிட்டுக் கஞ்சி என்று எழுதினேன்.

இருபதாம் நாள் ராத்திரி
லயத்துச் சுவரை யாரோ தட்டினார்கள்.
அடுத்த காம்பராவின் ராக்கம்மா,
தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து வழியே:
"அக்கா, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?
சத்தமே காணோம்.
சின்னவன் முழிச்சிக்கிட்டே கெடக்கான்."

ஒண்ணுமில்லை, தூங்கு என்றேன்.
என்றாலும் புறங்கையை
அவர் மூக்கருகே கொண்டுபோனேன்.
சூடாக வந்தது. ஒன்று.
சூடாக வந்தது. இரண்டு.
முப்பதைத் தாண்டியதும்
விறைத்த கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டேன்.